தூரத்திலிருந்து நுழைந்தால் விழும் கணிப்பொறி



பேராக் மாநிலத்தின் தோட்டங்களில் விடியுமுன்பே பெரட்டுக்குக் கூடி, மங்கும் வாளியுமாகப் பால் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈப்போவிலும் தைப்பிங்கிலும் கணிப்பொறிக்கு முன்னால் அமர்ந்து வேலை பார்க்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, அவர்களில் பலர் அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிக்கொண்டார்கள். வீட்டிலுள்ள கணிப்பொறியைத் திறந்து, பெயரையும் மறைச்சொல்லையும் தட்டினால், பல மைல்களுக்கு அப்பாலுள்ள அலுவலகக் கணிப்பொறியின் திரை கண்முன்னே வந்து நிற்கும். இதைத்தான் தொலை நுழைவு என்கிறோம். கதவைத் திறக்காமலே அலுவலகத்துக்குள் நுழைவது போன்றது இது.

அப்படி நுழைகிற நேரத்தில் அலுவலகக் கணிப்பொறி பொத்தென்று விழுந்துவிட்டால் என்ன செய்வது? காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்று நாம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

நாங்கள் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்லித் தொடங்குகிறோம். ஈப்போவில் ஒரு சிறிய கணக்கு அலுவலகம். பெயர் வேண்டாம். நாலைந்து நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதித் தருவது அவர்கள் தொழில். எல்லாக் கணக்கும் ஒரே சர்வரில் இருந்தது. மூன்று பேர் அலுவலகத்திலிருந்து அதில் வேலை செய்தார்கள். நான்காவது ஒரு பெண். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட ஒரு பழைய தோட்டத்தில், படுக்கையில் கிடக்கும் தாயாரைக் கவனித்துக்கொண்டு வீட்டிலிருந்தே நுழைவார்.

அவர் நுழைந்த ஒரு நிமிடத்துக்குள் சர்வர் நின்று, தானாகவே மறுபடியும் தொடங்கும். மற்ற மூவரும் சேமிக்காமல் வைத்திருந்த கணக்கெல்லாம் போய்விடும். ஊழியர் சேமநிதிச் சந்தாவை ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தேதி நெருங்க நெருங்க, அலுவலகத்தில் முகங்கள் சிவந்தன. "அந்தப் பிள்ளை நுழைந்தாலே மெஷின் படுத்துக்கொள்கிறது. இனி ஆபீசுக்கு வந்து வேலை செய்யட்டும், முடியாவிட்டால் நின்றுகொள்ளட்டும்" என்று முடிவாகும் நிலை. எங்களிடம் அந்தப் பெண் சொன்னது ஒன்றுதான்: "அண்ணே, நான் ஒன்னும் செய்யலை. பேரையும் பாஸ்வேர்டையும் தட்டுறேன், அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன் ஒரு பழைய கதையைக் கேளுங்கள்.

தொலை நுழைவும் கணிப்பொறி விழுவதும் கூடப் பிறந்தவை என்றே சொல்லலாம். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இரவு பத்தரை மணி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில், பேராசிரியர் லெனார்ட் கிளைன்ராக்கின் ஆய்வுக்கூடத்தில், சார்லி கிளைன் என்னும் மாணவர் ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தார். வடக்கே 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பில் டுவால் என்பவர் இன்னொரு கணிப்பொறியின் அருகே இருந்தார். இருவருக்கும் இடையே தொலைபேசியும் இருந்தது. அர்ப்பாநெட் என்ற அந்த வலையின் முதல் தொலை நுழைவு அது. 'லாகின்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகத் தட்டினார் கிளைன். 'எல்' போய்ச் சேர்ந்தது. 'ஓ' போய்ச் சேர்ந்தது. 'ஜி' தட்டியதும் அந்தப் பக்கத்துக் கணிப்பொறி விழுந்துவிட்டது.

ஏன்? அந்தப் பக்கத்துக் கணிப்பொறிக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. சொல்லின் முற்பகுதியைக் கண்டாலே மீதியைத் தானே நிரப்பிவிடும். 'ஜி' வந்ததும், எஞ்சிய எழுத்துகளையும் சேர்த்து ஒரே மூச்சில் திருப்பி அனுப்ப முயன்றது. ஒவ்வோர் எழுத்தாக வரும் என்று எண்ணி ஒதுக்கிய இடத்தில் பல எழுத்துகள் வந்து விழுந்தன, இடம் கொள்ளவில்லை. பில் டுவால் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். சுமார் ஒரு மணி நேரத்தில் நுழைவு கைகூடியது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தட்டியவர் பிழை செய்யவில்லை. கம்பியும் பழுதாகவில்லை. உள்ளூரில் அமர்ந்து தட்டும்போது வராத ஒரு நிலைமை, தூரத்திலிருந்து தட்டும்போது வந்தது. அந்த நிலைமைக்கு நிரல் தயாராக இல்லை. இன்றைக்கும் தொலை நுழைவுக் கோளாறுகள் பலவற்றின் வேர் இதுதான்.

சரி, ஒருவர் தூரத்திலிருந்து நுழையும்போது கணிப்பொறிக்குள் என்ன நடக்கிறது?

தோட்டத்து லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீளக் கட்டிடம், வரிசையாக வீடுகள், வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் கூரையும் உத்திரமும் எல்லாருக்கும் பொது. சர்வரும் அப்படித்தான். நுழைகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு ஒதுக்கப்படுகிறது. ஒருவர் திறந்து வைத்த கணக்குப் புத்தகம் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு வீட்டில் சட்டி உடைந்தால் அந்த வீட்டோடு போயிற்று. ஒருவருடைய நிரல் முடங்கினால் அவருடைய நிரல் மட்டும் மூடிக்கொள்ளும். ஆனால் உத்திரம் முறிந்தால் லயமே விழும். கணிப்பொறியில் உத்திரம் என்பது இயங்குதளத்தின் உட்கரு. அதற்குள் பிழை நேர்ந்தால், மேற்கொண்டு ஓடித் தரவுகளைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக இயங்குதளம் தானே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. அப்போது தோன்றுவதுதான் பலரும் கண்டு அஞ்சும் நீலத் திரை.

உட்கருவுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? இயங்குதளத்தைச் செய்தவர்களின் நிரல்கள் மட்டுமல்ல. திரை, வட்டு, வலையட்டை ஆகிய கருவிகளுக்கு டிரைவர் என்று ஒன்று வேண்டும். கருவிக்கும் கணிப்பொறிக்கும் நடுவே நின்று பேசும் துபாஷி அது. வைரஸ் தடுப்பு நிரலும், ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது சோதிப்பதற்காகத் தன் ஆளை உட்கருவில் உட்கார வைத்திருக்கும். உத்திரத்தின் மேலேயே குடியிருப்பவர்கள் இவர்கள். இவர்களில் ஒருவர் கால் தவறினால் லயம் முழுவதும் ஆடும்.

முன்பு பிரிண்டர் டிரைவர்கள்கூட உட்கருவில்தான் இருந்தன. 1996-இல் வந்த விண்டோஸ் என்.டி. 4-இல் ஒரு மோசமான பிரிண்டர் டிரைவர் முழுச் சர்வரையும் வீழ்த்திவிடும். விண்டோஸ் 2000-இலிருந்து அவற்றை வெளியே கொண்டுவரத் தொடங்கினார்கள். ஆகவே இன்று பிரிண்டர் டிரைவர் கெட்டால் பெரும்பாலும் அச்சுப் பணி மட்டும் நிற்கும், கணிப்பொறி நிற்காது. அந்த வழியை மற்ற டிரைவர்கள் எல்லாம் பின்பற்றிவிடவில்லை.

தூரத்திலிருந்து நுழைகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். புதுவீட்டுக்குக் குடிவருகிறவர் சட்டிபானை கொண்டுவருவது போல, தம் வீட்டுத் திரையின் அளவு, ஒலி, நகலெடுத்து ஒட்டும் வசதி, வீட்டு பிரிண்டர், வீட்டு வட்டுகள் ஆகியவற்றையும் உடன் கொண்டுவருவார். நேரில் அமர்ந்து வேலை செய்யும்போது இவை எதுவும் இல்லை. ஆகவே நேரில் நுழைந்தால் நிற்கும் கணிப்பொறி, தூரத்திலிருந்து நுழைந்தால் மட்டும் விழுமானால், சந்தேகம் முதலில் இந்த மூட்டைமுடிச்சுகளின் மேல்தான் போக வேண்டும். ஆளின் மேல் அல்ல.

இனி, காரணத்தைத் தேடும் முறை. இதை ஐந்து படிகளாகச் சொல்லலாம்.

முதற்படி, எதையும் தொடுமுன் தரவுகளுக்கு நகல் எடுத்துத் தனியே வைப்பது. நோயாளிக்கு மருந்து தேடும் அவசரத்தில் நோயாளியையே இழந்துவிடக் கூடாது.

இரண்டாம் படி, விழுந்தது எது என்று திட்டமாக அறிவது. 'கணிப்பொறி விழுந்துவிட்டது' என்று சொல்லும்போது நாம் நான்கு வேறு காரியங்களை ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். இணையத் தொடர்பு அறுந்து திரை மட்டும் மறையலாம். ஒரு நிரல் மட்டும் மூடலாம். கணிப்பொறி அசையாமல் உறையலாம். அல்லது உண்மையிலேயே விழுந்து மறுபடி தொடங்கலாம். தூரத்தில் இருப்பவருக்கு நான்கும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே கணிப்பொறி கடைசியாக எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பாருங்கள். காலையில் தொடங்கியது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அது விழவில்லை, தொடர்புதான் அறுந்தது.

மூன்றாம் படி, பதிவேட்டைப் படிப்பது. தோட்டத்துக் கிராணி செக்ரோலில் எல்லாம் எழுதி வைத்தது போல, விண்டோஸும் இவென்ட் வியூவர் என்ற பதிவேட்டில் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிறது. அதில் 41 என்ற எண்ணுள்ள குறிப்பு இருந்தால், முறையாக மூடாமல் கணிப்பொறி மறுபடி தொடங்கியது என்று பொருள். அதனுடன் 1001 என்ற எண்ணில் பக்செக் குறிப்பும் இருந்தால், உட்கருவில் பிழை நேர்ந்தது தெரிகிறது. 41 மட்டும் இருந்து மற்றது இல்லையென்றால், மின்சாரத்தையும் சூட்டையும் சந்தேகிக்கலாம். பிற்பகலில் இடி மின்னல் அதிகமுள்ள நம் கிந்தா பள்ளத்தாக்கில் இதை மறக்கக் கூடாது. மேலும், உட்கருப் பிழை நேரும்போது மினிடம்ப் என்ற உறையில் ஒரு சிறு கோப்பு எழுதப்படும். விழுந்த நொடியில் யார் உத்திரத்தின் மேல் இருந்தார்கள் என்பதை அது காட்டும். அதில் அகப்படும் பெயர் எப்போதும் குற்றவாளியின் பெயர்தான் என்று கொள்ளக் கூடாது. ஆனால் விசாரணையை எங்கே தொடங்குவது என்று அது சொல்லும்.

நான்காம் படி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. அவசரத்தில் பலர் ஐந்தாறு காரியங்களை ஒன்றாகச் செய்துவிடுகிறார்கள். கோளாறு நின்றாலும், எதனால் நின்றது என்று தெரியாது. மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், யார் நுழைந்தார், எங்கிருந்து, எந்தக் கணிப்பொறியிலிருந்து, என்ன மாற்றினோம், என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டே போங்கள்.

ஐந்தாம் படி, பாதியாகப் பிரிப்பது. பதினாறு நிரல்களில் ஒன்று கோளாறு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் பதினைந்து முறைகூட ஆகலாம். எட்டை நிறுத்திப் பாருங்கள். விழுந்தால் குற்றவாளி ஓடுகிற எட்டில் இருக்கிறான். விழாவிட்டால் நிறுத்திய எட்டில் இருக்கிறான். அடுத்து நான்கு, அடுத்து இரண்டு, அடுத்து ஒன்று. நான்கே சோதனையில் ஆள் அகப்படுவான்.

இப்போது அந்தக் கணக்கு அலுவலகத்துக்குத் திரும்புவோம்.

பதிவேட்டைப் பார்த்தோம். 41-ம் இருந்தது, 1001-ம் இருந்தது. ஆகவே மின்சாரம் அல்ல, உட்கரு. அந்தப் பெண்ணின் பெயரையும் மறைச்சொல்லையும் கொண்டு ஈப்போவிலுள்ள வேறொரு கணிப்பொறியிலிருந்து நுழைந்து பார்த்தோம். சர்வர் விழவில்லை. மேலாளரின் பெயரைக் கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக் கணிப்பொறியிலிருந்து நுழைந்து பார்த்தோம். விழுந்தது! அந்தப் பெண்ணின் மேலிருந்த பழி அந்த நிமிடமே பாதி கழிந்தது. ஆள் காரணம் அல்ல. வீட்டிலிருந்து வரும் மூட்டைதான் காரணம்.

தொலை நுழைவுக்கான நிரலில், எதை எதை உடன் கொண்டுபோவது என்று குறியிடும் கட்டங்கள் உண்டு. எல்லாக் குறியையும் எடுத்துவிட்டு நுழையச் சொன்னோம். விழவில்லை. பிரிண்டரை மட்டும் சேர்த்தோம். விழவில்லை. ஒலியைச் சேர்த்தோம். விழவில்லை. வீட்டு வட்டுகளைச் சேர்த்தோம். ஒரு நிமிடத்துக்குள் விழுந்தது. விசாரித்தபோது, வருகைச் சீட்டுகளை வீட்டில் ஸ்கேன் செய்து சர்வருக்கு எடுத்துப் போவதற்காக அந்தப் பெண் வட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார் என்று தெரிந்தது. மற்றவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. கூடுதலாக வேலை செய்தவருக்குத்தான் அந்தப் பழி வந்து சேர்ந்திருந்தது.

ஆனால் வட்டைச் சேர்ப்பது அனுமதிக்கப்பட்ட காரியம். அதற்காகச் சர்வர் விழலாமா? மினிடம்ப் கோப்பைத் திறந்து பார்த்தோம். அதில் அகப்பட்ட பெயர் ஒரு பழைய வைரஸ் தடுப்பு நிரலுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதை நீக்கிவிட்டு வேறொன்றைப் போட்டுவிட்டோம் என்றார்கள். நீக்கியது உண்மைதான், ஆனால் கோப்புகளைச் சோதிக்க அது உட்கருவில் உட்கார வைத்த டிரைவர் போகவில்லை. வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். அவருடைய காவல்காரர் மட்டும் உத்திரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளூர் வட்டுகளோடு பழகிய அவருக்கு, கம்பி வழியாக வரும் வீட்டு வட்டு புதிது. அதைச் சோதிக்கப் போய்க் கால் தவறினார். அந்த நிரலைச் செய்தவர்களே தரும் நீக்கும் கருவியைக் கொண்டு அந்த டிரைவரை அகற்றினோம். வட்டையும் சேர்த்து நுழையச் சொன்னோம். சர்வர் நின்றது. அந்த மாதச் சந்தா உரிய தேதிக்குள் கட்டப்பட்டது. அந்தப் பெண் தாயாரின் அருகிலிருந்தே வேலையைத் தொடர்ந்தார்.

எல்லாச் சம்பவங்களும் இப்படி வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. சில வேளைகளில் கணிப்பொறி விழுவது, வெளியாள் கதவைத் தட்டுவதன் அடையாளமாகவும் இருக்கும். 2019-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், விண்டோஸின் தொலை நுழைவுப் பகுதியில் இருந்த பெரிய ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. அந்த ஓட்டைக்குப் புளூகீப் என்று பெயர் வைத்தார்கள். மறைச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய இடம் தரும் ஓட்டை அது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும்கூட அன்று திருத்தம் தந்தார்கள் என்றால், அபாயம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம். அவ்வாண்டு அக்டோபர் கடைசியில், திருடர்களைக் கண்காணிப்பதற்காகவே வைத்திருந்த பொறிக் கணிப்பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலத் திரை காட்டி விழுந்தன. நுழைய முயன்றவர்களின் நிரல் நினைவகத்தில் தவறான இடத்தில் காலை வைத்ததால்தான் அவை விழுந்தன. திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கும்போது கூரை சரிந்த கதை அது. ஆகவே, யாரும் நுழையாத நள்ளிரவில் உங்கள் சர்வர் விழுந்தால் அலட்சியம் வேண்டாம். தொலை நுழைவுக் கதவை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காமல், வி.பி.என். என்னும் காப்பு வழியின் பின்னால் வையுங்கள். திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு பாடத்தையும் சொல்லி முடிக்கிறோம். 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் நண்பகல், நம் நேரப்படி 12 மணி 9 நிமிடம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் நிரலுக்கு ஒரு சிறு கோப்பை உலகெங்கும் அனுப்பியது. நிரலில் இருந்தது இருபது மதிப்புகளுக்கான இடம். கோப்போ இருபத்தோராவதையும் பார்க்கச் சொன்னது. இல்லாத இடத்தை எட்டிப் பார்த்த நிரல், உட்கருவில் இருந்தபடியால், கணிப்பொறியோடு சேர்ந்து விழுந்தது. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. நம் நாட்டில் ஏர் ஏசியா பயணிகள் விமான நிலையத்தில் வரிசையில் நின்று, கையால் பதிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 1969-இல் கொள்ளாத எழுத்துகள். 2024-இல் இல்லாத மதிப்பு. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் நோய் ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அன்றைக்கு விழுந்த கணிப்பொறிகளில் மிகப் பலவற்றைத் தூரத்திலிருந்து சரிசெய்ய முடியவில்லை. தொலை நுழைவுக்கு இடம் கொடுக்குமுன்பே அவை மறுபடி மறுபடி விழுந்தன. யாராவது ஒருவர் ஒவ்வொரு கணிப்பொறியின் முன்னும் போய் நின்று, பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டைப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு நீண்ட மீட்பு எண் தேவைப்பட்டது. பலருக்கு அது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

ஆகவே அலுவலகம் நடத்தும் நேயர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. சர்வர் இருக்கும் அறையின் சாவி யாரிடம், மீட்பு எண் எந்தப் பெட்டியில், நகல் எந்த வட்டில் என்று ஒரு தாளில் எழுதி, சர்வருக்குள் வைக்காமல் வெளியே பத்திரமாக வையுங்கள். அவசரத்துக்குப் போய் நிற்க அருகில் ஒருவரைப் பழக்கி வையுங்கள். தூரத்திலிருந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: கணிப்பொறி விழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் கடைசியாகச் செய்த காரியத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று சொல்லும்போது, அந்தக் குறிப்பு உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

கணிப்பொறி விழுந்தால் முதலில் கைநீட்டப்படுவது, பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருப்பவரை நோக்கித்தான். அந்த விரலை மடக்கிக்கொண்டு, பதிவேட்டைத் திறந்து பார்ப்போம்.